ஜைரோவைக் குழப்பும் ஒலி: சொல் விளக்கம்

டர்பைன் பொருத்திய மாதிரி ஜெட் விமானங்களைப் பறக்கவிடுவோர் ‘ஜைரோ’ என்று சொல்வது, காற்று அலைக்கழிக்கும்போது எய்லரான் (இறக்கை மடிப்பு), எலிவேட்டர் (வால் மடிப்பு) ஆகியவற்றைத் தானாகவே அசைத்து விமானத்தை நேர்நிலைக்குக் கொண்டுவரும் சிறு மின்னணுப் பெட்டியைத்தான். முழுச்சொல் ‘ஜைரோஸ்கோப்’. வட்டம், சுழற்சி எனப் பொருள்படும் ‘கைரோஸ்’, பார்த்தல் எனப் பொருள்படும் ‘ஸ்கோப்பெயின்’ ஆகிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ 1852இல் சூட்டிய பெயர் இது. விரைந்து சுழலும் கனத்த சக்கரத்தின் அச்சு திசை மாறாது நிற்பதைக் கொண்டு புவியின் சுழற்சியையே கண்ணுக்குக் காட்டிய கருவி அது என்பதால், ‘சுழல்காட்டி’ என்னும் தமிழ்ப்பெயர் அதற்கு முற்றிலும் பொருந்தும்.

இன்றைய பெட்டிக்குள் சக்கரமே கிடையாது. சிலிக்கான் சில்லில் (சிப்) செதுக்கிய நுண்ணிய எடையொன்று நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது. விமானம் திரும்பும்போது கொரியோலிஸ் விசை அந்த எடையைப் பக்கவாட்டில் தள்ள, அந்த விலகலை மின்தேக்குத்திறனின் மாற்றமாகச் சில்லு அளக்கிறது. ஆகவே சில்லைச் ‘சுழற்சியுணரி’ என்றும், முழுப்பெட்டியை ‘நிலைப்படுத்தி’ என்றும் பிரித்துச் சொல்வதே சரியென்று கருதுகிறேன்.

இந்த நுண்ணெடை இயல்பாக அதிரும் வேகத்தோடு, அதாவது அதன் இயல்பு அதிர்வெண்ணோடு, ஒத்த ஒலி வந்து தாக்கினால் அதிர்வு பெருகும் ஒத்ததிர்வு எழுகிறது. விமானம் அசையாமலிருந்தும், அது திரும்புவதாகச் சில்லு பொய்க்கணக்குச் சொல்லத் தொடங்குகிறது. தென்கொரிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 15 வகைச் சில்லுகளில் 7 இவ்வாறு ஒலிக்கு ஆட்பட்டன. டர்பைனில் இந்த ஒலி எங்கிருந்து வருகிறது? நிமிடத்துக்கு 1,20,000 சுற்று என்பது நொடிக்கு 2,000 சுற்று. காற்றை அமுக்கும் டர்பைனின் அமுக்கிச் சக்கரத்தில் 12 இதழ்கள் இருந்தால், அவை எழுப்பும் ஒலியின் அதிர்வெண் 24,000 ஹெர்ட்ஸ். பலவகைச் சில்லுகளின் இயல்பு அதிர்வெண் இந்த எல்லையை ஒட்டியே அமைகிறது. மனிதச் செவியோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. கேளாத ஒலி கெடுக்கிறது என்பதால்தான் பழி பெரும்பாலும் ரேடியோவின் மீதோ, மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் மீதோ விழுகிறது.

இதை ‘ஒலிக் குறுக்கீடு’ என எழுதுவது குழப்பம் தரும். இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்குப் பாடநூல்கள் ‘குறுக்கீட்டு விளைவு’ என்ற தொடரை ஏற்கெனவே வழங்கிவருகின்றன. ‘ஒலிவழி இடையூறு’ என்பதே பொருந்தும். காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமிடத்தில் ‘ஒத்ததிர்வு இடையூறு’ எனலாம். ஜெட்டைத் தரையில் இறுகப் பிடித்து, நிலைப்படுத்தியை இயக்கி, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மெல்ல ஏற்றிப் பார்த்தால், இடையூறு இருக்கும் விமானத்தில் குறிப்பிட்ட ஒரு சுழல்வேகத்தில் மட்டும், ஸ்டிக்கைத் தொடாமலே எலிவேட்டர் ஒருபக்கம் நகர்வதைக் காணலாம். அப்போது பெட்டியை டர்பைனின் காற்றுவாயிலிருந்து தள்ளி, மென்னுரைப் பட்டையின்மேல் பொருத்தி, ஒலி நேரடியாகப் படாதவாறு மூடி, அதே சுழல்வேகத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும்.