அத்தோ: பர்மியப் பிசறல்

சென்னை பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டிகளில் விற்கும் ‘அத்தோ’ ஒரு நூடுல்ஸ் வகை என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் நூடுல்ஸுக்கும் உறவே கிடையாது. பர்மிய மொழியில் ‘தோ’ என்றால் கையால் கலத்தல், பிசறுதல். முன்னால் ஓர் அகரம் சேர்ந்தால் அது பெயர்ச்சொல். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘அஸுப்’ என்று வரும். ஆனால் பர்மியர்கள் ஸகரத்தைத் தகரம் போல ஒலிப்பவர்கள். சாசனம் அவர்கள் வாயில் ‘தாதனா’. கடைசியில் நிற்கும் பகரமும் தொண்டையிலேயே அடங்கிவிடும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு இந்தத் தின்பண்டமும் பெயரும் இங்கே வந்து சேர்ந்தன.

ஆங்கிலத்தில் இதைச் சாலட் என்கிறார்கள். அது உப்பைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல்; இன்று கேட்டவுடன் பச்சைக் காய்தான் நினைவுக்கு வரும். அத்தோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இஞ்சியைப் பிசறினால் ‘ஜின் தோ’. சமோசாவைத் துண்டுபோட்டு முட்டைக்கோஸும் வெங்காயமும் சேர்த்துப் பிசறினால் ‘சமூசா தோ’. ‘லெ’ என்றால் கை. சோறு, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றாய்க் கலந்த ‘லெதோ’ கையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ருசியின் சூட்சுமம் வறுத்த கடலை மாவில் இருக்கிறது. தக்காளி அத்தோவில் பழம் நீர்விடும், எலுமிச்சையும் மீன் சாறும் வேறு சேரும். இந்த மாவு அத்தனையையும் உறிஞ்சி, துண்டுகளின் மேல் கெட்டியாகப் படியவைக்கிறது. பிறகு பூண்டு தாளித்த எண்ணெய், பொடித்த வேர்க்கடலை, உலர் இறால் பொடி.

எல்லாவற்றுக்கும் தலை ‘லபே தோ’. புளிக்கவைத்த தேயிலையில் பொரித்த பூண்டு, பொரித்த பருப்பு வகைகள், எள், வேர்க்கடலை சேர்த்துப் பிசறுவது. இலையில் லபே, கனியில் மா, கறியில் பன்றி என்பது பர்மியர் வழக்கு. தேநீராகக் குடிக்கும் இலையை மெல்லவும் செய்கிற நாடு!

தமிழில் எப்படிச் சொல்லலாம்? பச்சடி என்றால் தயிர் வந்துவிடும். கோசுமல்லி நெருங்கிய உறவுதான். ஆனால் ஊறவைத்த பயற்றம்பருப்போடு நின்றுவிடுகிறது. ‘காய்க்கலவை’ இஞ்சிக்கும் சமோசாவுக்கும் ஒட்டாது. பிசைதல் மாவுக்கு உரியது. விரல் நுனியால் மேலோட்டமாகக் கலப்பதற்கு நம்மிடம் ‘பிசறுதல்’ இருக்கிறது. எனவே தேயிலைப் பிசறல், இஞ்சிப் பிசறல் என்று தாராளமாக எழுதலாம். பர்மா பஜார் தட்டுக்கு மட்டும் அத்தோ என்ற பெயரே இருக்கட்டும். அது எப்போதோ தமிழாகிவிட்டது.