கன்ஜங்ஷன்: இணைப்புச்சொல்லா, இடைச்சொல்லா?

அண்ட், பட் போல இணைக்கிற சொற்களுக்கு ஆங்கில இலக்கணம் வைத்த பெயர் கன்ஜங்ஷன், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறியவர்களுக்கு இந்தச் சொல்லின் பாதி ஏற்கெனவே தெரியும். லத்தீனில் 'யுங்கெரே' என்றால் சேர்த்துக் கட்டுவது. அதன் முன்னால் 'ஒன்றாக' என்று பொருள் தரும் 'கோன்' ஒட்டிப் பிறந்தது 'கோன்யுங்க்டியோ', அது ஆங்கிலத்துக்கு வந்து கன்ஜங்ஷன் ஆனது. மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தைக் குறிக்கும் ஆங்கில 'யோக்', வடமொழியின் யுகம், யோகம் எல்லாமே அந்த ஒரே வேர்தான். இலக்கணப் பெயராக இதை லத்தீன்காரர்கள் புதிதாக யோசிக்கவும் இல்லை. கிரேக்க இலக்கணத்தில் இருந்த 'சுண்டெஸ்மோஸ்' என்பதை, அதற்கும் சேர்த்துக் கட்டுவது என்றுதான் பொருள், அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வானத்தில் ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்ததே, அதுவும் கன்ஜங்ஷன்தான். மெட்ராஸ் ஐ வந்தால் டாக்டர் சீட்டில் எழுதும் கன்ஜங்டிவைட்டிஸும் இதே குடும்பம். இமையையும் விழியையும் இணைக்கிற சவ்வில் வரும் அழற்சி அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் 'இடைச்சொல்' என்று எழுதுகிறார்கள், அது பொருந்தாது. தொல்காப்பியம் சொல்லும் இடைச்சொல்லுக்குள் வேற்றுமை உருபு, ஏ, ஓ, சாரியை, உவம உருபு என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது, கன்ஜங்ஷன் வேலை பார்ப்பவை அதில் ஒரு சிறு பங்குதான். இணைப்புச்சொல் போதும், மரபு விடக் கூடாது என்பவர்கள் இணைப்பிடைச்சொல் என்று எழுதலாம்.

பெயர் கிடைத்துவிட்டாலும் சிக்கல் தீரவில்லை, ஏனென்றால் தமிழ் இணைக்கிற விதமே வேறு. 'அண்ணனும் தம்பியும்' என்று உம்மை இரண்டு சொல்லிலும் ஒட்டிக்கொள்கிறது, ஆங்கில 'அண்ட்' நடுவில் தனியாக நிற்கிறது. (எல்லா இடத்திலும் 'மற்றும்' போட்டு எழுதுவது அந்த 'அண்ட்'டின் நிழல்தான், பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.) நாம் தனியாக எழுதும் இணைப்புச்சொற்களில் பலவும் பழைய வினைகள்தான்: ஆனால் என்பது 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தது, ஏனென்றால் என்பதைப் பிரித்தால் 'ஏன் என்று சொன்னால்' என்று வரும். அதனால் இவை கமாவுக்குப் பின்னும் வரும், முற்றுப்புள்ளிக்குப் பின்னும் வரும், யாரும் கேள்வி கேட்பதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் நம் பிள்ளைகள் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். 'பாலம் பழையது, ஆனால் உறுதியானது' என்ற ஒரே வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 3 வழிகள் உண்டு, மூன்றுக்கும் நிறுத்தக்குறி வேறு. 'தி பிரிட்ஜ் வாஸ் ஓல்ட், பட் இட் வாஸ் ஸ்ட்ராங்': கமா போதும், ஏனென்றால் பட் உண்மையான கன்ஜங்ஷன். ஆல்தோ போட்டால் அது முதல் பாதியைத் தனித்து நிற்க முடியாததாக ஆக்கிவிடும், 'ஆல்தோ தி பிரிட்ஜ் வாஸ் ஓல்ட், இட் வாஸ் ஸ்ட்ராங்' என்று முடிந்துவிட வேண்டும், நடுவில் இன்னொரு பட் கூடாது. மூன்றாவது ஹவெவர். பொருளில் ஆனால்தான், ஆனால் இலக்கணத்தில் அது கன்ஜங்ஷனே இல்லை, வினையடை. அதன் முன்னால் வெறும் கமா போட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டினால் 'கமா ஸ்ப்ளைஸ்' என்ற பிழை. 'ஓல்ட்' என்பதற்குப் பிறகு அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும், ஹவெவருக்குப் பிறகு ஒரு கமாவும். தேர்ஃபோர், மோர்ஓவர் எல்லாம் இதே கதை.

பிகாஸிலும் இப்படித்தான். 'போகவில்லை. ஏனென்றால் மழை.' தமிழில் சாதாரணம். 'பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்று தனியே முற்றுப்புள்ளி வைத்தால் அது வாக்கியத் துண்டு, மதிப்பெண் போய்விடும். வாக்கியத்தைப் பிகாஸில் தொடங்கவே கூடாது என்று பள்ளியில் மிரட்டுவார்கள், அது சரியல்ல. பின்னால் முதன்மை வாக்கியம் வந்தால் தாராளமாகத் தொடங்கலாம்.

கமா மட்டும் போட்டு இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்கும் உரிமை ஏழு சொற்களுக்குத்தான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்வார்கள்.

இந்தத் தேர்வில் இன்னொரு வகைக் கேள்வியும் வரும்: இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் எந்தத் தொடர்புச்சொல் பொருந்தும் என்று. அங்கே தமிழ் நன்றாகவே கைகொடுக்கும். கொடுத்திருக்கும் விடைகளை மறைத்துவிட்டு, நடுவில் 'ஆனால்' வருமா, 'ஆகவே' வருமா, 'உதாரணமாக' வருமா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் விடைகளைப் பாருங்கள். தேர்ஃபோரும் கான்ஸிக்வென்ட்லியும் இரண்டுமே அங்கே இருந்தால் பெரும்பாலும் இரண்டுமே தப்பு, இரண்டுக்கும் 'ஆகவே' என்றுதான் பொருள், சரியான விடையோ ஒன்றுதான்.