பயமுறுத்தத்தான் செய்தாளா?

"எங்களைப் பயமுறுத்தத்தான் டாக்டர் இப்படிப் பண்ணிட்டா." தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் வார்டில் படுத்திருக்கும்போது, வராந்தாவில் வைத்து வீட்டார் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, ஆடிப்போயிருக்கிறார்கள், ஊர் என்ன பேசுமோ என்ற கூச்சம் வேறு. ஆனாலும் அந்தப் பேச்சை நான் அப்படியே விடுவதில்லை. ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதிலும் டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில்.

சாகும் எண்ணமும் வாழும் ஆசையும் ஒரே முயற்சிக்குள் கலந்திருக்கலாம், சுற்றியிருப்பவர்களிடம் வைக்கும் முறையீடும் அதில் உண்டு என்று எர்வின் ஸ்டெங்கல் என்ற மனநல மருத்துவர் 1950களிலேயே எழுதினார். முறையீடு என்பதால் உயிராபத்து குறைந்துவிடாது.

ஒரு பெண் (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). புகுந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னாள், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார். அண்ணனிடம் சொன்னாள், "பொங்கலுக்கு வரும்போது பேசிக்கலாம்." அப்புறம் அவள் போன் செய்வதையே குறைத்துக்கொண்டாள். சரி, பழகிவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

அவள் தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வீட்டார் சொன்ன காரணம், தீராத வயிற்றுவலி. செய்தித்தாள்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம்தான். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. வயிற்றுவலி என்று எழுதிவிட்டால் அவள் சொல்ல வந்தது அங்கேயே புதைந்துபோகும்.

நான் நேராகவே கேட்பேன், "இன்னமும் செத்துடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்க ஆள் கிடைத்ததே என்று பலர் அழுதுவிடுவார்கள். பிறகு, "யாருக்கு இது தெரியணும்னு நினைச்சீங்க?" சுவரைப் பார்த்தபடி "அம்மாவுக்கு" என்றாள்.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். புத்தி சொல்லக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். மகள் பேசி முடித்ததும் அவர் சொன்னார்: "இதையேதானடி போன்லயும் சொன்னே."

உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இப்படி எண்ணம் வந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. ஏற்கெனவே முயன்றவர் என்றால் போனோடு நிறுத்தாமல் கூடவே இருந்து மனநலப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள்.