அழுத்தமானி சொல்லாத சேதி: ஜெர்மனியின் விரைவு ரயில் எஞ்சின்களும் ஈர நீராவியும்

பாய்லர் ஆய்வுக்குப் போகும் ஆலைகளில் என்னை முதலில் அழைத்துச் செல்வது அழுத்தமானியின் முன்னால்தான். "பத்து கிலோ அப்படியே நிற்கிறது சார், ஒரு குறையும் இல்லை" என்பார் பாய்லர் அட்டெண்டர். முள் நிற்பது உண்மைதான். ஆனால் குழாயில் போவது உலர்ந்த நீராவியா, பாதி தண்ணீரைச் சுமந்துகொண்டு போகும் ஈர நீராவியா என்பதை அந்த முள் சொல்லாது. அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு, எரிக்கும் விறகும் நிலக்கரியும் வேறு. இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் ஜெர்மனியின் பழைய விரைவு ரயில் எஞ்சின்களின் வரலாற்றில் இருக்கிறது. ஈர நீராவியோடு அந்நாட்டுப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள்.

தொடக்க காலத்தில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு முதல் ரயிலை இழுத்த 'ஆட்லர்' இங்கிலாந்தில் ஸ்டீவன்சன் பட்டறையில் செய்தது. அதை ஓட்டிய வில்லியம் வில்சனும் இங்கிலாந்துக்காரர்தான். 1838இல் டிரெஸ்டன் அருகே யோஹான் ஆண்ட்ரியாஸ் ஷூபர்ட் 'சாக்சோனியா'வைக் கட்டினார். 1841இல் பெர்லினில் ஆகஸ்ட் போர்சிக் தன் முதல் எஞ்சினை வெளியே அனுப்பினார். அப்போது வேகம் வேண்டுமென்றால் ஒரே வழிதான் தெரிந்திருந்தது: சக்கரத்தைப் பெரிதாக்குவது. பிஸ்டன் ஓர் அளவுக்கு மேல் விரைவாக ஓட முடியாது என்பதால், ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போக வேண்டும். ஆங்கிலேயரான தாமஸ் ரஸ்ஸல் கிராம்ப்டன் 1842இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ராட்சத இயக்குசக்கரங்கள் நெருப்பு எரியும் அறைக்குப் பின்னால் போய்விடும். பாய்லர் தாழ்வாக அமரும். இந்த அமைப்பு அவருடைய சொந்த நாட்டைவிட பிரான்சிலும் ஜெர்மனியிலும்தான் நன்றாக வேரூன்றியது. 1863இல் பாடன் ரயில்வேக்குக் கட்டிய 'ஃபீனிக்ஸ்' இன்றும் நியூரம்பர்க் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் இயக்குசக்கரம் இரண்டு மீட்டருக்கும் அதிக விட்டம் கொண்டது. அழகான எஞ்சின். ஆனால் தண்டவாளத்தைப் பிடித்து இழுப்பது ஒரே ஓர் அச்சு. பெட்டிகள் கனத்தபோது அது வழுக்கத் தொடங்கியது, காலம் அதைக் கடந்து போய்விட்டது.

சக்கரங்களை இணைத்து வழுக்கலைச் சமாளித்தார்கள். அதற்குப் பின்னால்தான் உண்மையான சிக்கல் வெளியே தெரிந்தது. வெயிட்டான ரயிலை வேகமாக இழுக்க நிறைய நீராவி வேண்டும்; அதற்குப் பெரிய பாய்லர் வேண்டும்; ஆனால் பாதை தாங்கும் அச்சுச் சுமைக்கு ஒரு வரம்பு உண்டு. பாய்லரை நினைத்தபடி பெரிதாக்க முடியாத நிலையில், அதில் உண்டாகும் நீராவி எங்கே வீணாகிறது என்று தேடத் தொடங்கினார்கள்.

வீணானது சிலிண்டருக்குள். இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் நிற்கிறதே, சிலிண்டரிலும் நடப்பது அதுதான். 12 வளிமண்டல அழுத்தத்தில் நீராவி ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் வருகிறது. ஆனால் சிலிண்டரின் சுவர், சற்றுமுன் வெளியேறிய குளிர்ந்த நீராவியால் வெப்பம் இழந்து நிற்கிறது. உள்ளே நுழைந்த நொடியில் ஒரு பகுதி நீராவி சுவரில் பட்டு நீராகிவிடும். அந்த நீர் பிஸ்டனைத் தள்ளாது. பிஸ்டன் பயணத்தின் கடைசியில், அழுத்தம் குறைந்தபின் அது மீண்டும் ஆவியாகி, ஒரு வேலையும் செய்யாமல் புகைபோக்கி வழியே போய்விடும். நிலக்கரி எரிந்தது, தண்ணீர் கொதித்தது, ஆனால் இழுவைக்கு அது உதவவில்லை.

ஜெர்மனியில் இதற்கு முதல் விடை ஹனோவரில் கிடைத்தது. ஆகஸ்ட் ஃபான் போரிஸ் 1880இல் கூட்டு விரிவாக்க எஞ்சினைப் பிரஷ்ய ரயில்வேயில் அறிமுகப்படுத்தினார். நீராவி முதலில் சிறிய சிலிண்டரில் பாதியளவு விரியும், பிறகு பெரிய சிலிண்டரில் மீதியும் விரியும். ஒரே சிலிண்டரில் 190 டிகிரியிலிருந்து நூறுக்குப் பக்கம் வரை விழுந்த வெப்பநிலை இப்போது இரண்டு படியாகப் பிரிகிறது. சுவருக்கும் நீராவிக்கும் இடையிலான வித்தியாசம் குறைவதால் சுவரில் படியும் நீரும் குறைகிறது. அவர் 1891இல் அமெரிக்கா போய் அங்குள்ள ரயில்களை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். 1890களில் வந்த எஸ் 3 வகையில் (எஸ் என்பது விரைவு ரயில் எஞ்சினுக்கான குறி) அவருடைய கூட்டு விரிவாக்கமும் முன்பக்க நான்கு சக்கர வண்டியும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் ஓடின.

கூட்டு விரிவாக்கம் நோயைத் தணித்ததே தவிர, வேரைத் தொடவில்லை என்பது என் கருத்து. வேரைத் தொட்டவர் வில்ஹெல்ம் ஷ்மிட். நீராவி சுவரைத் தொட்டாலும் நீராகாத அளவுக்கு அதை முன்கூட்டியே சூடாக்கிவிடலாம் என்றார். 190 டிகிரி நீராவி சுவரில் பட்டதும் நீராகிவிடும். அதையே 330 டிகிரி வரை ஏற்றிவிட்டால், முதல் துளி உண்டாவதற்கு முன் அது 140 டிகிரியை இழக்க வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் நேரத்தில் அது அவ்வளவு இழப்பதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. அதே எடை நீராவி, சூடேறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிக இடத்தை நிரப்புகிறது. ஆக, அதே சிலிண்டரை நிரப்பக் குறைந்த தண்ணீர் போதும். பாய்லரைப் பெரிதாக்காமலே எஞ்சினின் வலு கூடியது.

1898இல் ஷ்டெட்டினின் வல்கன் ஆலையும் கஸ்ஸலின் ஹென்ஷல் ஆலையும் ஆளுக்கொரு சோதனை எஞ்சினைக் கட்டின. முதல் அமைப்பில், பாய்லரின் உள்ளே ஒரு பெரிய குழாயை நுழைத்து, அதற்குள் சூடேற்றும் குழாய்களை வைத்தார்கள். கடும் சூடு ஓரிடத்தில் குவிந்ததால் இணைப்புகள் கசிந்தன. பிறகு சூடேற்றியை, புகைபோக்கிக்குக் கீழே பாய்லரின் முன்முனையில் உள்ள புகைப்பெட்டிக்குள் கொண்டுபோனார்கள். மூன்றாவதாக வந்ததே நிலைத்தது: பாய்லரின் மேல்பகுதியில் சாதாரணக் குழாய்களோடு சில அகலமான குழாய்கள்; ஒவ்வோர் அகலக் குழாய்க்குள்ளும் வளைந்து திரும்பும் மெல்லிய நீராவிக் குழாய்கள். நீராவி அவற்றின் வழியே போய்த் திரும்பி, புகைப்பெட்டியில் உள்ள தலைப்புப் பெட்டியில் சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். இதைப் பெல்ஜிய அரசு ரயில்வேயின் ஜான் பாட்டிஸ்ட் ஃபிளாம் 1901இலேயே பயன்படுத்தினார். பின்னர் உலகம் முழுவதும் பரவியதும் இந்த அமைப்புதான். நம் ஆலைகளில் சூப்பர்ஹீட்டர் என்று நாம் காட்டும் பொருளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

பலன் எளிதில் கைக்கு வரவில்லை. அதுவரை சிலிண்டருக்குப் போட்ட கொழுப்பும் தாவர எண்ணெயும் இந்தச் சூட்டில் கருகிப் படிந்தன. தட்டை வால்வுகள் இறுகித் தேய்ந்தன. அவற்றுக்குப் பதிலாகப் பிஸ்டன் வால்வுகள் வந்தன. பிஸ்டன் தண்டைச் சுற்றியிருந்த நார்ப் பேக்கிங் எரிந்துபோனதால் உலோகப் பேக்கிங் போட வேண்டியிருந்தது. ஓட்டுநரின் அறையில் அழுத்தமானியோடு நீராவியின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு மானியும் இடம்பிடித்தது. எனக்கு இந்த மானி மிக முக்கியமாகப் படுகிறது.

பெர்லினில் பிரஷ்ய எஞ்சின் கொள்முதலுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் கார்பே ஷ்மிட்டுக்கு உறுதியாகத் துணை நின்றார். சூடேற்றிய நீராவி இருந்தால் கூட்டு விரிவாக்கம் எதற்கு, இரண்டே சிலிண்டர் போதும் என்பது அவர் கட்சி. 1906இல் அவர் காலத்தில் வந்த எஸ் 6 நன்றாகவே ஓடியது. அதே ஆண்டு வந்த பி 8 விரைவு ரயிலுக்கென்று திட்டமிடப்பட்டது. ஆனால் இரண்டு பெரிய சிலிண்டர்களின் முன்பின் அசைவைச் சரியாகச் சமன்செய்யாததால், வேகம் கூடக்கூட எஞ்சின் குலுங்கியது. மணிக்கு 100 கிலோமீட்டரோடு அதை நிறுத்திக்கொண்டார்கள். விரைவு எஞ்சினாக அது வெல்லவில்லை. சாதாரணப் பயணிகள் ரயிலுக்கு மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டு, பல நாடுகளில் பல பத்தாண்டுகள் உழைத்தது.

கட்சி சேராமல் இரண்டையும் எடுத்துக்கொண்டது தெற்கு ஜெர்மனியின் பவேரியா. மியூனிக்கின் மாஃபை ஆலையில் ஆன்டன் ஹாமலும் ஹைன்ரிக் லெப்லாவும் நான்கு சிலிண்டர் கூட்டு விரிவாக்கத்தையும் ஷ்மிட்டின் சூடேற்றியையும் ஒரே எஞ்சினில் பொருத்தினார்கள். எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டகத்துக்கு, பவேரியா அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து வாங்கிப் பார்த்திருந்த எஞ்சின்களின் பட்டைச் சட்டக முறையை எடுத்துக்கொண்டார்கள். நான்கு சிலிண்டர்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஓடுவதால் குலுக்கல் குறைவு. அப்படிப் பிறந்த எஸ் 2/6 (ஆறு அச்சுகளில் இரண்டு இயக்கு அச்சுகள்), 1907 ஜூலை 2 அன்று மியூனிக்குக்கும் ஆக்ஸ்பர்க்குக்கும் இடையே 150 டன் ரயிலோடு மணிக்கு 154.5 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த ஒரே எஞ்சினோடு அந்த வகை நின்றுவிட்டது. இரண்டு இயக்கு அச்சுகளுக்கு அன்றாடக் கனரயில்கள் அதிகம். மறு ஆண்டே அதன் அறிவையெல்லாம் மூன்று அச்சுகளில் ஏற்றி எஸ் 3/6 வந்தது. 1931 வரை 159 கட்டினார்கள். பிரஷ்யாவும் பின்னர் இறங்கிவந்தது. 1910இல் வந்த நான்கு சிலிண்டர் எளிய விரிவாக்க (நீராவி ஒரே படியில் விரியும்) எஸ் 10 நீராவியை நிறையக் குடிக்க, 1911இல் ஹென்ஷல் கட்டிய எஸ் 10.1 கூட்டு விரிவாக்கத்தையும் சூடேற்றியையும் ஒன்றாகச் சுமந்து வந்தது.

ஆலைகளுக்கு இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாயம் ஏற்றவும் நெல் அவிக்கவும் சூப்பர்ஹீட்டர் தேவையில்லை. அங்கே நீராவி நீராகும்போது விடும் வெப்பம்தான் வேலை செய்கிறது. தேவை உலர்ந்த நீராவி. அது ஈரமாவதற்கு மூன்று காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஊட்டநீரில் உப்பு ஏறி, பாய்லருக்குள் நுரை பொங்குவது. நீர்மட்டக் கண்ணாடியில் மட்டத்தை மேலே ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. காப்பு உரிந்துபோன குழாயை அப்படியே விடுவது. சூப்பர்ஹீட்டர் உள்ள பாய்லரில் நுரை இன்னும் ஆபத்து. எரிந்துபோன குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெண்மையான உப்புப் படிவு ஒட்டியிருக்கும். அந்தப் படிவின் கீழ் குழாயின் சுவர் சூட்டை நீராவிக்குக் கொடுக்க முடியாமல் வெந்துபோயிருக்கும்.

அந்த எஞ்சின்களின் ஓட்டுநர்கள் நிலையத்திலிருந்து கிளம்பும்போது சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறந்துவிட்டுத்தான் நகர்த்துவார்கள். நீரை அமுக்க முடியாது. உள்ளே தேங்கிய நீர் மாட்டிக்கொண்டால் சிலிண்டரின் மூடியையே உடைத்துவிடும். காலையில் ஆலையைத் தொடங்கும்போது, குளிர்ந்த நீராவிக் குழாயிலும் இதே நிலைதான். குழாயின் தாழ்வான இடத்து வடிகால் வால்வை முதலில் திறந்து, தண்ணீர் வருவது நின்று நீராவி மட்டும் வரும் வரை, பிரதான வால்வைக் கால் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டாம்.