சொந்த காருக்கு எஃப்.சி. எப்போது?

மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டுவது பழகிப்போன தலைவலி. வெள்ளை போர்டு கார்க்காரர்களில் பலர், ஆர்.சி. புக்கில் தேதி முடியும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படுகிறார்கள்.

வாடகைக் கார், வேன், லாரி போன்றவற்றுக்குப் புதிதாக வாங்கியதும் எஃப்.சி. 2 ஆண்டு செல்லும். பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதைத் தாண்டினால் ஆண்டுதோறும். எஃப்.சி. இல்லாமல் ஓடினால், மோட்டார் வாகனச் சட்டம் 56ஆம் பிரிவின்படி வண்டிக்குப் பதிவே இல்லாத கணக்குதான். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

சொந்த காருக்கு முதல் 15 ஆண்டு யாரும் கேட்க மாட்டார்கள். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தேதி முடியுமுன் 60 நாளுக்குள் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25 போட்டு, இன்சூரன்ஸ், புகைச் சான்றோடு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். 15 வயது தாண்டிய காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும்.

அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) லைட், ஹாரன், டயர் எல்லாம் பார்ப்பார். சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பதும் உண்டு. உவரி, கூட்டப்புளி பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டிகளில் அந்த இடம் துருவேறி எண் மங்கியிருக்கும். முதலிலேயே மெக்கானிக்கிடம் காட்டித் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலைச்சல்தான்.

‘15 வருஷம் ஆனால் காரை உடைச்சிரணுமாமே’ என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற அந்தக் கெடுபிடி டெல்லி வட்டாரத்துக்கானது. டி.என். 72 (நெல்லை), டி.என். 76 (தென்காசி) வண்டிகள் தகுதியாக இருந்தால் இங்கே தாராளமாக ஓடலாம்.

புகைச் சான்றை எஃப்.சி. என்று நினைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பி.எஸ். 4, பி.எஸ். 6 கார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுக்க வேண்டும், சரி. ஆனால் அது பார்ப்பது புகையை மட்டும்தான். பிரேக் பிடிக்கிறதா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் சொந்த காருக்கு 15 ஆண்டு ரொம்ப நீளம். இங்கிலாந்தில் 3 வயதான காருக்கு ஆண்டுதோறும் சோதனை. ஜெர்மனியில் முதல் 3 ஆண்டுக்குப் பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. இங்கேயும் வாடகைக் காருக்கு வைத்த அதே 8 வயதை எல்லைக்கோடாக வைத்தால் என்ன? புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது போர்டு வெள்ளையா மஞ்சளா என்று பிரேக் பார்க்கவா போகிறது!

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல், குற்றால சீசனுக்குக் கிளம்புமுன் டயரையாவது பாருங்கள். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் குறுக்காகச் சிறு மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அது மொட்டை டயர், மாற்றியே ஆக வேண்டும்.