சார்பியலா, சார்புவாதமா?

ஹட்டனில் ஒரு கருத்தரங்கு. மொழிபெயர்ப்பாளர் வழக்கம்போல் முழங்கினார்: "உண்மை என்று தனியாக எதுவும் இல்லை என்பதே சார்பியல். ஐன்ஸ்டீனே நிறுவிவிட்டார்." ஐன்ஸ்டீன் அப்படி எதையும் நிறுவவில்லை. உண்மை அவரவர் பார்வையைச் சார்ந்தது என்னும் மெய்யியல் கொள்கையான 'ரிலேட்டிவிச'த்தை, ஐன்ஸ்டீனின் இயற்பியல் கோட்பாட்டின் பெயரால் அழைப்பதால் வரும் குழப்பம் இது.

'ரிலேட்டிவிசம்' லத்தீன் வேரிலிருந்து வந்தது; ஒன்றை இன்னொன்றோடு தொடர்புபடுத்துவது என்பது அடிப்படைப் பொருள். கருத்து சொல்லைவிடப் பழையது. மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்றார் பழங்கிரேக்க மெய்யியலாளர் புரொத்தகோரஸ். அப்படியானால் 'நீர் சொல்வது பொய்' என்று எனக்குத் தோன்றுவதும் உண்மைதானே என்று அவரை மடக்கினார் பிளேட்டோ. தமிழில் 'சார்பு' பொருத்தமான சொல். சார்பெழுத்து என்று இலக்கணம் படித்தவர்களுக்குப் பழகியதுதான்.

சிக்கல் விகுதியில் இருக்கிறது. 'இயல்' என்றால் துறை: உயிரியல், மொழியியல். சார்பியல் என்ற பெயரை இயற்பியல் எப்போதோ எடுத்துக்கொண்டது. 1905இல் வந்த அந்தக் கோட்பாடு என்ன சொல்கிறது? நேரமும் நீளமும் அளப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து மாறும். ஆனால் ஒளியின் வேகமும் இயற்பியல் விதிகளும் சீராக இயங்கும் எல்லோருக்கும் ஒன்றே. ஒருவரின் அளவை இன்னொருவரின் அளவாக மாற்றத் துல்லியமான சமன்பாடும் உண்டு. 'அவரவர் பார்வை அவரவருக்கு' என்பதற்கு இங்கே எங்கே இடம்?

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடையில் 18 கிலோ இருக்க, ஈரத்துக்கென்று கழித்து 16 என்று எழுதுகிறார்கள். யார் என்ன எழுதினாலும் கொழுந்துக்கென்று ஓர் எடை உண்டு என்பவர் மெய்ம்மைவாதி. மடுவத்தின் கணக்கு மடுவத்துக்கு உண்மை, பறித்தவரின் கணக்கு பறித்தவருக்கு உண்மை, இரண்டுக்கும் அப்பால் எடை இல்லை என்பவர் சார்புவாதி. பறித்தவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே என் தேர்வு 'சார்புவாதம்'. 'வாதம்' வடசொல் என்று தூய தமிழ் அன்பர்கள் 'சார்பியம்' என்பார்கள். மார்க்சியம், பெண்ணியம் இருக்கும்போது அதுவும் முறையான ஆக்கம்தான். ஆனால் சார்பியலுக்கும் சார்பியத்துக்கும் ஒரே எழுத்து வேறுபாடு. மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். தூய்மைக்காகத் தெளிவை விற்க நான் தயாரில்லை. 'சார்பு' என்றால் ஒருதலைப்பட்சம் என்று தோன்றாதா என்பது இன்னொரு மறுப்பு. அதற்குத்தான் இலங்கையில் 'பக்கச்சார்பு' என்ற அருமையான சொல் புழங்குகிறதே!

'சார்பியல்வாதம்' என்று இரண்டையும் ஒட்டி எழுதுபவர்களும் உண்டு. அளவையியல் என்னும் தர்க்கப் பாடம் படிக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பாவம்.

எதிர்க்கட்சியான ரியலிசத்துக்கு 'யதார்த்தவாதம்' என்கிறார்கள். அது சிறுகதைக்கும் நாடகத்துக்கும் சரி. மெய்யியலில் மெய்ம்மைவாதமே பொருந்தும். பேச்சுவழக்கில் யதார்த்தமானவர் என்றால் கள்ளங்கபடம் இல்லாதவர். அவருக்கும் இந்த விவாதத்துக்கும் என்ன தொடர்பு?

சிங்களத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே ஐன்ஸ்டீன் கோட்பாட்டையே 'சாபேக்ஷதாவாதய' என்பார்கள். மூலத்தில் 'வாதய' என்று முடிவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'வாதம்' ஆக்கினால், பௌதிகப் பாடத்துக்குள் புரொத்தகோரஸ் நுழைந்துவிடுவார்.