மீண்டும் மீண்டும் மயக்க மருந்து: குழந்தையின் மூளை என்ன ஆகும்?

அறுவை அரங்கின் வாசலில் குழந்தையை மயக்கவியல் மருத்துவரான என்னிடம் ஒப்படைக்கும் பெற்றோரில் முதல்முறை வருபவர்கள், "குழந்தை நல்லபடியாகக் கண் விழித்துவிடும் அல்லவா?" என்று கேட்பார்கள். மூன்றாவது, நான்காவது முறை வருபவர்களோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத்தனை தடவை மயக்க மருந்து கொடுத்தால் மூளையைப் பாதிக்காதா, டாக்டர்?" என்பார்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று நானும் ஒரு காலத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது அரைகுறையான பதில்.

மயக்கத்துக்குப் பயன்படும் மருந்துகளில் செவோஃப்ளூரேன், புரோபோஃபால், மிடாசோலம் ஆகியவை மூளையின் அடக்கும் சமிக்ஞைகளை வலுப்படுத்துகின்றன. கீட்டமின் கிளர்ச்சியூட்டும் சமிக்ஞைகளைத் தடுக்கிறது. நரம்பு இணைப்புகள் மளமளவென உருவாகும் முதல் சில ஆண்டுகளில், எந்த நரம்பணு நிலைக்கும், எது மடியும் என்பதில் இதே சமிக்ஞைகளுக்கும் பங்கு உண்டு என்பதுதான் கவலைக்கு வேர். பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு ஆறு மணி நேரம் மயக்கம் கொடுத்த ஓர் ஆய்வு, அவற்றின் நரம்பணுக்கள் பரவலாக மடிந்ததையும் பின்னாளில் கற்றல் குன்றியதையும் 2003இல் காட்டியது. ஆனால், எலியின் குறுகிய வளர்ச்சிக் காலத்தில் ஆறு மணி நேரம் என்பது மிக நீண்டது. அதை அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்திவிட முடியாது.

நெற்றியில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பார்க்கும்போது, வயது எவ்வளவு முக்கியம் என்பது தெளிவாகும். செவோஃப்ளூரேன் மயக்கத்தில் இருக்கும் மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவிடம் மெதுவான டெல்டா அலைகளே மேலோங்கியிருக்கும். அவற்றைவிட வேகமான ஆல்ஃபா அலைகள் ஏறத்தாழ நான்காம் மாதத்தில்தான் தலைகாட்டும். அவை மூளையின் முன்பகுதியில் ஒருங்கிசைய இன்னும் சில மாதங்கள் ஆகும். எனவே மயக்கம் எவ்வளவு ஆழம் என்று கருவி காட்டும், பெரியவர்களுக்கென வகுக்கப்பட்ட எண்ணைச் சிசுக்களிடம் நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எண்ணை விட்டுவிட்டு அலையையே பார்ப்பேன். மருந்து தேவைக்கு மேல் போனால் அலைகள் இடையிடையே அடங்கி, திரையில் வெறும் நேர்கோடு ஓடும். அந்தக் கோட்டை வைத்து நிரந்தரக் கேடு என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் மருந்தைக் குறைக்க அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. கண் விழித்ததும் சில குழந்தைகள் தாயைக்கூட அடையாளம் தெரியாததுபோல் அலறுவது வேறு விஷயம். அது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

குடலிறக்க அறுவை செய்யப்பட்ட 722 சிசுக்களை ஏழு நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு, ஒரு மணி நேரத்திற்கும் குறைவான ஒரே ஒரு முழு மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறன் குறையவில்லை என்று 2019இல் காட்டியது. மூன்று வயதுக்குள் பலமுறை மயக்கம் பெற்றவர்களைப் பற்றி 2018இல் வெளியான, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்விலும் அறிவுத்திறன் மதிப்பெண் குறையவில்லை. எனினும் தகவலைக் கையாளும் வேகமும் விரல்களின் நுண்ணியக்கமும் சற்றுக் குறைந்திருந்தன. நடத்தையிலும் வாசிப்பிலும் சிரமம் இருப்பதாகப் பெற்றோர் கூடுதலாகத் தெரிவித்தனர். அதற்கு முழுப் பழியையும் மருந்தின்மீது போட முடியாது. பலமுறை மயக்கம் பெறும் குழந்தை பெரும்பாலும் கடும் நோயோடு போராடும் குழந்தை. இருந்தும், மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்ட அல்லது திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்கம் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது.

இதைப் படித்துவிட்டு அவசியமான அறுவையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. பிறவிக் கண்புரையைக் காலத்தில் அகற்றாவிட்டால் பார்வையே நிலைக்காது. கேட்க வேண்டியவை வேறு: இந்தப் பரிசோதனையை மயக்கம் இல்லாமல் செய்ய முடியுமா, இரண்டு சிகிச்சைகளை ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா? சில வார வயதுள்ள சிசுவைப் பாலூட்டித் துணியில் சுற்றி உறங்கவைத்தே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட முடிவதுண்டு.

ஒரு தாய் என் மேசையில் மூன்று சீட்டுகளைப் பரப்பினார்: காதில் குழாய் வைக்க ஒரு தேதி, பல் சிகிச்சைக்கு ஒன்று, எம்.ஆர்.ஐ.க்கு ஒன்று. மூன்று துறைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவே இல்லை. காதையும் பல்லையும் ஒரே காலையில் முடித்தோம், எம்.ஆர்.ஐ. மட்டும் தனி நாளுக்குப் போனது.